ஐப்பசியில் போட்ட கிடை

நான் ஆடு திருடியவன். ஒன்றிரண்டு அல்ல, முந்நூறு செம்மறி. அதுவும் பட்டப்பகலில், முழுக்கைச் சட்டைக்கு டை கட்டிக்கொண்டு, மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருடினேன். இத்தனைக்கும் அன்றுவரை ஒரு ஆட்டின் கழுத்துக் கயிற்றைக்கூட நான் பிடித்ததில்லை. (கயிறு விற்றிருக்கிறேன். அது வேறு விஷயம், வருகிறேன்.)

கோவில்பட்டி மெயின் ரோட்டில் அப்பாவுக்குக் கயிற்றுக் கடை. கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, ஆட்டுக்கிடைக்கு வலை பின்னும் கயிறு, பந்தல் கயிறு என்று உத்திரத்திலிருந்து சரம் சரமாகத் தொங்கும். அவற்றின் நடுவே அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு புது ஸ்டூல் வந்தது. யாருக்கு என்று அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்குள் நுழையும்போதெல்லாம் அது என்னையே பார்ப்பதுபோல இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பாமலே சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி எங்கள் கல்லூரிக்கே ஆள் எடுக்க வரப்போவதாகச் செய்தி வந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு கம்பெனி அந்த வாசலை மிதித்ததில்லை. வேலை வாய்ப்பைக் கவனித்துக்கொண்டிருந்த எங்கள் கணக்கு சார் பதறிப்போய், ஏற்கெனவே சென்னையில் வேலையில் இருந்த சீனியர் ஒருவரிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசி, என்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

"பாடத்துல ஒண்ணும் கேக்க மாட்டாவளாம்" என்றார். வகுப்பே கை தட்டியது. "உங்களுக்கு நடந்த சம்பவத்தைக் கேப்பாவளாம். ஒரு சண்டையத் தீத்து வச்சிருக்கியா, எங்கயாவது தோத்துப்போயிருக்கியா, நாலு பேர நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்கியா. அப்ப நீ என்ன செஞ்ச, அதனால என்ன ஆச்சு. அம்புட்டுத்தான்."

கைதட்டல் அப்படியே அடங்கியது. பாடத்துக்கு நோட்ஸ் உண்டு, நோட்ஸுக்கு ஜெராக்ஸ் உண்டு. இதற்கு யாரிடம் போய் ஜெராக்ஸ் எடுப்பது?

அன்று சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு என் வாழ்க்கையை யோசித்துப் பார்த்தேன். இருபத்தொரு வருஷத்தில் எனக்கு ஒன்றுமே நடந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். கல்லூரி போனேன், வந்தேன். நடுவில் ஒருமுறை அம்மை போட்டது.

விஷயத்தை வீட்டில் சொன்னேன். அம்மா உடனே உதவிக்கு வந்தாள்.

"மூணாங்கிளாசுல திருச்செந்தூருக்கு டூர் போன இடத்துல தொலஞ்சு போனேல்லா, அதச் சொல்லு."

"அதுல நான் என்னம்மா செஞ்சேன்?"

"அழுத."

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "போன தீவாளிக்கு ஒரு நாள் கடையப் பாத்துக்கிடச் சொன்னேன். கிணத்துக் கயிறு கேட்டு வந்தவருக்குத் துணி காயப்போடுத கொடிக்கயித்தக் குடுத்து விட்டான். கயிறு அந்து வாளி கிணத்தோட போச்சி. தோத்த சம்பவம் கேட்டாவன்னா அதச் சொல்லச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேறு சரக்கு இல்லாததால் அந்த வாளியைத்தான் எடுத்துக்கொண்டேன். 'வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறியத் தவறியதால் கற்ற பாடம்' என்று அதற்கு இங்கிலீஷில் ஜரிகை வைத்துத் தைத்தேன். தோற்ற சம்பவம் தயார். சண்டைக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. சண்டை நடந்த இடங்களிலெல்லாம் நான் முதல் ஆளாகக் கிளம்பி வந்திருந்தேன்.

கணக்கு சார் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்லிப் பழகச் சொன்னார். எனக்கு ஜோடியாக வந்தது செல்வி. எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அய்யா, அதாவது அப்பா, ஆட்டு மந்தை வைத்திருந்தார். செல்வி கணக்கில் புலி, இங்கிலீஷ் என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். நான் டவுனில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். கணக்கு வராது, வாய் வரும்.

லேபுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, "நீ தீர்த்துவைத்த ஒரு சண்டையைச் சொல்" என்று மிடுக்காகக் கேட்டேன். செல்வி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

கரிசல் காட்டில் அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது, மந்தைக்காரர்கள் ஆடுகளை நிலத்திலேயே வலை கட்டி ராத்தங்க வைப்பார்கள். அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் விழுந்து நிலத்துக்கு உரமாகும். எந்த வாரம் யார் காட்டில் கிடை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு வருஷம் செல்வியின் அய்யா ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அது தெரியாமல் அவள் சித்தப்பா அதே வாரத்தைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு பேரும் பங்காளிகள், பேச்சுவார்த்தை இல்லை. அய்யாவும் சித்தப்பாவும் ஊரில் இல்லாத நாளில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்போடு மந்தைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"ஆடு முந்நூறும் என்னையே பாக்கு" என்றாள் செல்வி. "ரெண்டு காட்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான. நான் வலைய அந்த வரப்பு மேலயே குறுக்க இழுத்துக் கட்டிட்டேன். பாதிக் கிடை இவிய காட்டுல, பாதி அவிய காட்டுல. அப்பயும் ஒருத்தரு விடல, என் பக்கம் ஆடு கம்மியா படுக்குங்காரு. ஆடு மேட்டப் பாத்துத்தான படுக்கும், அந்தப் பக்கத்து வலையத் தெனமும் குறுக்கிக் குறுக்கிப் போட்டேன். ஏழாம் நாளு ரெண்டு பேரும் ஒரே வரப்புல உக்காந்து பீடி குடிச்சாவ."

எனக்கு வயிற்றெரிச்சல். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சம்பவம் நடந்திருக்கிறது, எனக்கு ஒரு வாளி விழுந்திருக்கிறது!

சரி, தர்மம் செய்வோம் என்று அவள் நோட்டை வாங்கி அந்தக் கதையை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். 'டூ ஆங்க்ரி மென் அண்ட் த்ரீ ஹன்ட்ரட் ஷீப்' என்று முதல் வரியை ஆரம்பித்தபோது எனக்கே புல்லரித்தது. பத்து நாள் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே லேசாகச் சிரிக்க வேண்டும் என்பதுவரை பயிற்சி. பத்து நாளில் அது அவளுக்குப் பாதி மனப்பாடம் ஆனது. எனக்கு முழுசாக ஆகிவிட்டது. (கதை அவளுடையது, இங்கிலீஷ் என்னுடையது என்று ஒரு நினைப்பு எனக்குள் அப்போதே வந்துவிட்டது. கெட்ட நேரம் அப்படித்தான் மெல்ல உள்ளே வரும்.)

அந்த நாளும் வந்தது. கெமிஸ்ட்ரி லேபுக்குப் பக்கத்து அறையில் நேர்காணல். பெயர் வரிசைப்படி கூப்பிட்டார்கள். சங்கரலிங்கமாகிய எனக்கு அடுத்தது செல்வி. இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். செல்வியின் கைக்குட்டை நனைந்து நூலாகியிருந்தது. எனக்கு டை கழுத்தை அறுத்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒரு பக்கம் லேப்டாப்போடு ஒரு இளைஞர். மறு ஓரத்தில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர், எதிலும் கலந்துகொள்ளாமல் ஜன்னல் வழியாகக் கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சும்மா துணைக்கு வந்தவர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். அப்பா 'ரோப் மெர்ச்சன்ட்' என்றேன். நாக்கு நுனியில் வாளி தயாராக நின்றது. கண்ணாடி அம்மா புன்னகையோடு கேட்டார்: நீங்கள் முன்னின்று தீர்த்துவைத்த ஒரு சண்டையைச் சொல்லுங்கள்.

தலைக்குள் ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பேனாவைத் திருகிக்கொண்டு காத்திருந்தார். இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் புது ஸ்டூல் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். ஆடுகள் வந்தன.

'டூ ஆங்க்ரி மென் அண்ட் த்ரீ ஹன்ட்ரட் ஷீப்.'

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு ஆடு நுழைந்தால் மந்தையே பின்னால் வருமே, அந்தக் கதைதான். மந்தை மாமாவுடையது, அவர் ஊருக்குப் போயிருந்தார் என்றேன். (எனக்கு மாமாவே கிடையாது. அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை.) நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், சிரிக்க வேண்டிய இடத்தில் லேசாகச் சிரித்தேன். கண்ணாடி அம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினார் பெரியவர்.

"தம்பி, இது எந்த மாசம் நடந்தது?"

தமிழில் கேட்டார். செல்வி மாதம் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கதைக்குக் கொஞ்சம் உருக்கம் சேரட்டும் என்று, "ஐப்பசி சார். அடைமழை சார்" என்றேன்.

"அடைமழையில ஆட்ட எங்கன அடைச்சீங்க?"

"ஷெட்டுல சார். பெரிய ஷெட்."

பெரியவர் பேனாவை மூடி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்தேன். செல்வி எழுந்து நின்றாள். "என்ன கேட்டாவ?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு நொடி இருந்தது. 'அந்தக் கதையைச் சொல்லாதே' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். "பொதுவாத்தான்..." என்று இழுத்தேன். அட்டெண்டர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் இன்றைக்கும் நினைத்தால் கூசுவது அந்தத் திருட்டு இல்லை, இந்தப் 'பொதுவாத்தான்'.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர்ப் பானை வரை போனேன், குடிக்காமல் திரும்பினேன். என் கேள்வியையே அவளிடமும் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டாலும் அவள் மறந்துவிடுவாள், பயத்தில் வேறு ஏதாவது சொல்லிவிடுவாள் என்று வேண்டிக்கொண்டேன். பத்து நாள் மறக்கக்கூடாது என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். உள்ளே திடீரென்று கண்ணாடி அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. என் உள்ளங்கால் ஷூவுக்குள் வேர்த்தது.

இருபது நிமிஷம் கழித்து செல்வி வெளியே வந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மொத வரிதான் சொன்னேன். அந்தம்மா கையக் காட்டி நிறுத்திட்டாவ. இதே வரிய இப்பத்தான் கேட்டோம்னு சொல்லிச் சிரிச்சாவ. யாரு எழுதிக் குடுத்தான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அப்புறம் அந்தப் பெரியவரு மாசம் என்ன, வலை எப்பிடிக் கட்டுனன்னு என்னென்னமோ கேட்டாரு. தமிழ்லயே சொன்னேன். அந்தம்மா ஒரு எழுத்து எழுதல. போச்சி." சுவரில் சாய்ந்துகொண்டாள். "காலையில அய்யா முழங்கால்ல துணியச் சுத்திக்கிட்டுத்தான் ஆட்டப் பத்திட்டுப் போனாவ. இன்னும் கொஞ்ச நாளுதான் அய்யா, வேலை கெடச்சிரும், நீங்க நடக்காண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அவியகிட்ட என்னன்னு போயிச் சொல்ல?"

என் முன்னால் இருந்தது ஒரு ஸ்டூல். அவள் அய்யாவுக்கு முன்னால் இருந்தது காடு முழுக்க நடை. இந்த வித்தியாசம் கணக்கில் பலவீனமான எனக்குக்கூடப் புரிந்தது.

அடுத்த பையன் வெளியே வரும்வரை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவன் வந்ததும் கதவைத் தட்டினேன். "ஏய், ஒனக்கு முடிஞ்சிட்டுல்லா?" என்று அட்டெண்டர் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தார். டை அவர் கையோடு போனது. (இரவல் டை. ஊக்கு வைத்துக் குத்தியது.) டை இல்லாமல் உள்ளே போய் நின்றேன்.

என் இங்கிலீஷ் அந்த நேரம் பார்த்து மணியாச்சி ஜங்ஷனில் இறங்கி வேறு ரயில் ஏறிவிட்டது. தமிழிலேயே கொட்டினேன். "அந்தக் கத எனக்கு நடக்கல மேடம். இப்பப் போச்சே செல்வி, அவளுக்கு நடந்தது. இங்கிலீஷ் மட்டுந்தான் நான் எழுதிக் குடுத்தேன். எனக்கு மாமாவும் கிடையாது."

மூவரும் என்னையே பார்த்தார்கள். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்றார் கண்ணாடி அம்மா.

"எனக்குச் சொல்லுததுக்கு ஒண்ணுமே நடக்கல மேடம்" என்றேன். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நாடகம் இல்லை, சத்தியமாக உடைந்தது.

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். "தம்பி, நான் விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரன். ஐப்பசியில காட்டுல விதைச்சுப் பயிர் மொளச்சு நிக்கும். அது மேலயா கிடை போடுவான்? அந்தப் புள்ள பங்குனின்னு சொல்லிச்சு. ஆடு எப்பயும் மேட்டுப் பக்கம் பாத்துத்தான் படுக்கும், அதனால மேட்டுப் பக்கத்து வலையைக் குறுக்கிக் கட்டுனேன்னு சொல்லிச்சு. அது ஒங்க இங்கிலீஷ்ல இல்லையே."

உண்மைதான். அதை நான் எழுதும்போது தேவையில்லை என்று வெட்டியிருந்தேன்.

கண்ணாடி அம்மா தாளைப் புரட்டினார். "ரெண்டு பேரையும் நீக்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். சார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது எனக்கும் சந்தேகம் இல்லை" என்று சொல்லிவிட்டு, எங்கோ ஒரு பெயருக்கு நேராக டிக் போட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. சினிமாவில் இந்த இடத்தில்தான் முதலாளி எழுந்து வந்து, 'உன் நேர்மைக்காகவே உனக்கு வேலை' என்று தோளைத் தட்டுவார். நான் போகாமல் நின்றேன். பெரியவர் எழுந்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க தம்பி" என்றவர், ஜன்னல் பக்கம் போய் ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர். மூன்றாவது செல்வி. தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என் பெயரைக் காணவில்லை. செல்வி பட்டியலை நாலு தடவை படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"செல்வி, அந்தக் கதைய நாந்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அந்த வரிய வேற யாரு சொல்லுவா? அந்தம்மா சிரிச்ச ஒடனே தெரிஞ்சிட்டு."

"அப்ப ஏன் என் பேரச் சொல்லல?"

"சொன்னா ஒன் வேலையும்லா போயிரும்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். என்னை யாராவது நாலு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பரீட்சை முடிந்த மறுநாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். இன்றும் அதே ஸ்டூல்தான், இரண்டு கால் மாற்றியாகிவிட்டது.

உட்கார்ந்த முதல் வாரமே செல்வியின் அய்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். அப்பாவை விட்டுவிட்டு நேராக என்னிடம் கேட்டார். (ஐப்பசிக் கூத்தைப் பரீட்சைச் சமயத்தில் செல்வியிடம் நானே சொல்லித் தொலைத்திருந்தேன்.)

"ஏ தம்பி, வாற ஐப்பசிக்கு ஒரு கிடை போடலாம்னு இருக்கேன். அடைமழைக்குத் தாங்குத கயிறு இருக்கா?"

அப்பா ஒன்றும் புரியாமல், "நைலான் இருக்கு அண்ணாச்சி, நனஞ்சாலும் ஒண்ணும் செய்யாது" என்று எடுத்துப் போட்டார். செல்வியின் அய்யா சிரித்த சிரிப்பில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் அவர் மந்தையை விற்றுவிட்டார். முழங்காலுக்கு வைத்தியமும் நடந்தது. ஆடே இல்லாவிட்டாலும் டவுனுக்கு வந்தால் கடையில் எட்டிப் பார்த்து, "ஐப்பசி வந்துட்டா தம்பி?" என்று கேட்காமல் போகமாட்டார். எங்கள் வீட்டில் அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் எதையாவது கூட்டிச் சொன்னால் என் மனைவி, "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க வயிற்றுவலி என்று படுக்கும் மகனிடமும் அதே கேள்விதான்.

செல்வி இப்போது சென்னையில் அதே மாதிரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறாள். கொஞ்ச நாளைக்கு முன்பு போன் செய்தாள்.

"இன்னைக்கு ஒரு பையன் வந்தான் சங்கரா. அடுத்தவன் கதன்னு கேக்கும்போதே தெரியுது. நாலு கேள்வி கேட்டேன், வேர்த்துட்டான். ஒன்னய நெனச்சிக்கிட்டேன்."

"எடுத்தியா?"

"இல்ல. வெளிய போயிட்டுத் திரும்ப வந்து கதவத் தட்டுவானோன்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். தட்டிருந்தான்னா எடுத்திருப்பேன். தட்டல."

இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"நான் தட்டுனேனே செல்வி. என்னய ஏன் எடுக்கல?"

"அத நான் வேலைக்குச் சேந்த பொறவு அந்தப் பெரியவருகிட்டயே கேட்டேன்" என்றாள். "தட்டுனது எல்லாஞ் சரிதான்னாரு. கயித்துக் கடைக்காரர் மகன் கிடைய ஷெட்டுக்குள்ள போட்டத மட்டும் மன்னிக்க முடியலையாம்."